எல்லைக் கல்லும் வேட்டைத் துப்பாக்கியும்

தினைப்புனம் காத்து நிற்கும் மகளிரிடம் வில்லேந்திய இளைஞன் ஒருவன் வந்து, தன் அம்பு பட்ட யானை அவ்வழியே வந்ததோ என்று வினவுவதைச் சங்க அகப்பாடல்கள் பலவற்றில் காணலாம். கபிலரின் குறிஞ்சிப் பாட்டிலும் தலைவன் வேட்டை நாய்களோடு, தன்னிடமிருந்து தப்பிய விலங்கைத் தேடி வந்தே தலைவியைக் காண்கிறான். இவ்வினா காதலுக்கு ஒரு சாக்கு என்பது உரைகாரர் கருத்து. அது பொருந்துவதே. ஆயினும் அதனுள்ளே நிலவுரிமை பற்றிய பழைய வழக்கம் ஒன்றும் பொதிந்து கிடக்கிறது. புனம் மற்றொருவருடையது, அதில் ஒளிந்த விலங்கோ அம்பெய்தவன் தனதென்று கோருவது. ஆகவே புனத்தின் ஓரத்தில் நின்று கேட்ட பின்னரே வேட்டுவன் உள்ளே கால் வைக்கிறான். கேளாமற் புகுந்தால் கதிர் மிதிபடும், பூசல் விளையும்.

ஓடும் விலங்கைத் துரத்தி வருபவனுக்கும் நிலத்தைத் திருத்திக் காப்பவனுக்கும் இடையே எழும் இப்பூசல் எந்நாட்டிலும் உள்ளதே. சிலாங்கூரில், அதிலும் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரையுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கில், அது கொண்ட வடிவம் சற்று வேறானது. இங்கே நிலத்துக்கு உடையவனே பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரனாகவும் இருந்தான். எல்லை தாண்டி வந்த அயலான் என்று எண்ணப்பட்டவனோ, எல்லைக் கல் நடுவதற்கு முன்பே அங்கு வேட்டையாடி வந்தவன். இதனை விளங்கிக்கொள்ள, இந்நாட்டுக்கு நிலச் சட்டம் தந்த ஆங்கிலேயரின் ஊரில் வழக்கு எப்படியிருந்தது என்று முதலில் காண்பது நலம்.

மேனாட்டு வழக்கு

இங்கிலாந்தில் நார்மன் அரசர்கள் வந்த பின், பெரும் பரப்புகள் அரசனின் வேட்டைக் காடுகள் என்று அறிவிக்கப்பட்டன. அவற்றுள் குடியானவரின் வயல்களும் ஊர்களும் கூட அடங்கின. தன் பயிரை மேயும் மானைத் தன் வயலிலேயே குடியானவன் கொல்லலாகாது. இக்கொடுமையைச் சற்றுத் தணித்தது 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம். பின்னர் அரசனின் உரிமை பெருநிலக்கிழார்களின் உரிமையாகக் கைமாறிற்று. 1723இல் இயற்றப்பட்ட கறுப்புச் சட்டம், முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்தோடு வேட்டைக் காட்டில் நடமாடுவதையே தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. திருட்டு வேட்டைக்காரரைத் தடுக்க, கால் பட்டவுடன் தானே வெடிக்கும் பொறித் துப்பாக்கிகளைச் சில நிலக்கிழார் தம் காடுகளில் மறைத்து வைத்தனர். அவற்றில் அகப்பட்டவருள் திருடர் எத்தனை பேர், விறகு பொறுக்க வந்தவர் எத்தனை பேர் என்பதைத் துப்பாக்கி அறியாது. 1827இல்தான் அவை தடை செய்யப்பட்டன.

காட்டு விலங்கு உயிரோடு திரியும்வரை எவருக்கும் சொத்தன்று என்பது ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை. அப்படியானால் பிறர் நிலத்தில் அத்துமீறிப் புகுந்தவன் ஒரு முயலைக் கொன்றால் அம்முயல் யாருக்கு? 1865இல் இவ்வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. கொன்றவனுக்கு அன்று, நிலத்துக்குரியவனுக்கே என்று தீர்ப்பாயிற்று. இதன்படி, நிலத்தை உடையவன் அங்கு வேட்டையையும் உடையவன் ஆகிறான். நிலத்தை வாரத்துக்கு உழும் குடியானவனோ, தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்லும் உரிமையைக்கூட 1880ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே உறுதியாகப் பெற்றான்.

பிரெஞ்சு நாட்டில் இதே மனக்குறை புரட்சிக்கு ஊட்டிய தீயில் ஒரு கொள்ளியாயிற்று. 1789ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இரவில் பிரபுக்கள் துறந்த சலுகைகளுள் வேட்டைத் தனியுரிமையும் ஒன்று. பிரபுவின் புறாக்கள் விதைத்த தானியத்தைப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்த உழவனுக்கு, அவ்விரவு எத்துணைப் பெரிது என்று சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும் வந்த வேட்டைக்காரருக்கும் ஊராருக்கும் மூண்ட பூசலில் உலகறிந்தது எகிப்தில் நடந்ததே. 1906 ஜூன் 13ஆம் நாள் பிரிட்டிஷ் படை அதிகாரிகள் ஐவர் நைல் கழிமுகத்திலுள்ள தென்ஷவாய் என்னும் சிற்றூருக்குப் புறாச் சுடச் சென்றனர். அவர்களுக்கு அவை பறவைகள். ஊராருக்கோ கூண்டு கட்டி வளர்த்த உடைமை. சுடும்போது பெண்ணொருத்தி காயமுற்றாள், களத்தில் தீப்பற்றியது. ஊரார் தடி எடுத்தனர். அடிபட்டுத் தப்பியோடிய அதிகாரி ஒருவர் கடும் வெயிலில் வீழ்ந்து மாண்டார். தனி நீதிமன்றம் அமைத்து விசாரித்த அரசு, ஏறத்தாழ இரு வாரங்களில் நால்வரை அவ்வூரிலேயே, அவர்தம் மக்கள் கண்ணெதிரே தூக்கிலிட்டது. பலருக்குக் கசையடி. பெர்னார்டு ஷா இதனைக் கண்டித்து எழுதினார். மறு ஆண்டில் எகிப்தை ஆண்டுவந்த குரோமர் பிரபு பதவி விலகினார். ஒரு கூடைப் புறாவுக்காகத் தொடங்கியது, ஓர் ஏகாதிபத்தியத்தின் நற்பெயரில் பெருங்கறையாக முடிந்தது.

சிலாங்கூரில் பூசல் இவ்வடிவம் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் ஆட்சியாளரின் கருணை அன்று. இங்கு நிலம் எவரிடமிருந்து எவ்வாறு கைமாறியது என்பதில் காரணம் இருக்கிறது.

உயிருள்ள நிலம், செத்த நிலம்

மலாய்க்காரரின் பழைய நில வழக்கத்தை முதலில் விரிவாக எழுதி வைத்த ஆங்கில அதிகாரி வில்லியம் எட்வர்டு மேக்ஸ்வெல். 1884இல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சியில், நிலம் இருவகை என்று காட்டுகிறார். பயிரிட்டதற்கு அடையாளம் உள்ளது உயிருள்ள நிலம். பழமரமோ வரப்போ வீடோ எவ்வகை அடையாளமும் அற்றது செத்த நிலம். காட்டை அழித்துத் திருத்தியவனுக்கு உயிருள்ள நிலத்தில் உரிமை உண்டு. அவன் விட்டுச் சென்று மரமும் அடையாளமும் மறைந்துபோனால் அது மீண்டும் செத்த நிலமாகும், வேறெவரும் திருத்தலாம். கொன்றை வேந்தனும் ஆத்திசூடியும் படித்து வளர்ந்த உழவர் மக்களுக்கு இவ்வழக்கில் புதுமை ஏதும் தோன்றாது. உழைத்தவனுக்கே உரிமை என்னும் நேரிய கொள்கையே இது.

ஆனால் இக்கொள்கையில் ஒரு பெருங்குறை உண்டு. உழவன் நிலத்தில் அடையாளம் இடுகிறான், வேட்டுவன் இடுவதில்லை. ஊதுகுழலில் நச்சம்பு வைத்துக் குரங்கையும் அணிலையும் வீழ்த்தி, பிரம்பும் பிசினும் தேனும் எடுத்துத் தலைமுறை தலைமுறையாக ஒரே மலைச்சரிவில் சுற்றி வந்த தெமுவான் மக்கள் அங்கு வரப்புக் கட்டவில்லை. அவர்கள் நட்ட டுரியான் மரங்கள் காட்டு மரங்களோடு கலந்து நின்றன. உழவன் கண்ணுக்கும், பின்னர் சர்வேயர் கண்ணுக்கும் அது செத்த நிலமாகவே தெரிந்தது.

மேக்ஸ்வெல் ஆஸ்திரேலியா சென்று, தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858இல் கொண்டுவந்த நிலப்பதிவு முறையை ஆராய்ந்து திரும்பியவர். 1889 முதல் 1892 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது, 1891இல் அம்முறையை இங்கே நிலைநாட்டினார். அது முதல் நிலத்தின் உரிமை மரத்திலும் வரப்பிலும் இல்லை. அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது. அளந்து கல் நட்டு ஏட்டில் ஏற்றிய பெயரே உடையவன் பெயர். ஏட்டில் ஏறாதவன், தாத்தன் காலத்திலிருந்து அங்கு வாழ்ந்தாலும், அரசாங்க நிலத்தில் தங்கியிருப்பவனே. இன்று நடைமுறையில் உள்ள 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் அடித்தளமும் இதுவே.

அக்காலத்தில் கோல லங்காட் வட்டாரத்தில் அதிகாரியாயிருந்த ஸ்கீட் என்பவர், 1900இல் வெளியிட்ட மலாய் மந்திரம் பற்றிய பெருநூலில் மான் வேட்டைச் சடங்குகளை விவரிக்கிறார். வேட்டைக்குப் போகுமுன் பாவாங் எனப்படும் மந்திரவாதி, காட்டில் உறையும் தெய்வங்களிடம் விலங்கைத் தருமாறு கேட்டு மந்திரம் ஓதுவான். காட்டுக்கும் ஓர் உடையவர் உண்டு, அவரைக் கேட்டே எடுக்கவேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். தோட்டத்தின் கடைசி எல்லையில், காடு தொடங்குமிடத்தில், ஒரு கல்லை நட்டு முனீஸ்வரன் என்று கும்பிட்ட தமிழனுக்கு இது அயலாகத் தோன்றியிராது. சர்வேயர் நட்ட கல்லுக்கும் தொழிலாளி நட்ட கல்லுக்கும் பத்தடி தூரம்தான் இருந்திருக்கும். ஆயினும் நீதிமன்றத்தில் ஒன்றுக்கே மதிப்பு.

தோட்டமும் பன்றியும்

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. பாதையின் இருமருங்கும் இருந்த காடு, சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களாக மாறத் தொடங்கியது. பிரேசில் காப்பியின் போட்டியால் விலை விழுந்தபோது, துரைமார் இரப்பருக்குத் திரும்பினர். காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் முன்னோடியாக இரப்பர் நட்டனர். கிள்ளானை அடுத்த தீவொன்று, தோட்ட முதலாளிகளின் சங்கத்துக்கு முதல் தலைவராயிருந்த கேரியின் பெயரால் கேரித் தீவு ஆயிற்று. அத்தீவில் முன்பே குடியிருந்த மா மெரி மக்களின் ஊர்கள், தோட்டத்தால் சூழப்பட்ட சிறு திட்டுகளாயின.

அந்நாளைய வெள்ளை அதிகாரிக்கும் துரைக்கும் வேட்டை, பொழுதுபோக்கு மட்டுமன்று. பெருமைக்கும் அதுவே அளவுகோல். சிலாங்கூர் போலீஸ் படையைக் கட்டி வளர்த்து, 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் போலீஸ் கமிஷனராக உயர்ந்த சைர்ஸ் பெயர்பெற்ற வேட்டைக்காரர். மறு ஆண்டே பகாங்கில், மலாய்க்காரர் செலாடாங் என்றழைக்கும் காட்டெருது ஒன்று அவரைக் குத்தி வீழ்த்தியது; அவர் மாண்டார். பிரிக்பீல்ட்ஸை அடுத்து நின்ற சிலாங்கூர் அரும்பொருட்சாலை, இம்மண்ணின் விலங்குகளையும் பறவைகளையும் பாடம் செய்து காட்டியது. 1945 மார்ச்சில் குண்டு வீழ்ந்து அதன் ஒரு பகுதி அழிந்தது. இன்றைய தேசிய அரும்பொருட்சாலை அவ்விடத்தில் 1963இல் எழுந்தது.

துரை தன் தோட்டத்தில் சுட்டால் அவன் உடையவனின் ஆள். பக்கத்துத் தோட்டத்தில் சுட்டால் நண்பனின் விருந்தாளி. மற்றவர் நிலத்தில் நுழைந்தாலும் அவனைக் குற்றவாளியாக்குவது எளிதன்று. சட்டமே அதற்கு இடம் தந்தது எனலாம். இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தை ஒட்டியே இந்நாட்டுத் தண்டனைச் சட்டமும் எழுந்தது. அதன் 441ஆம் பிரிவின்படி, பிறர் நிலத்தில் நுழைவது மட்டும் குற்றமாகாது. குற்றம் செய்யவோ, உடையவனை மிரட்டவோ, இழிவுபடுத்தவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைந்ததாக நாட்டவேண்டும். மானைத் துரத்தி வந்தவன், மானைத் தவிர வேறொன்றையும் எண்ணவில்லை என்று சொல்லிவிடலாம். மிதிபட்ட பயிருக்கு நட்டஈடு கோரி உரிமை வழக்குத் தொடரலாம். அதற்கு வழக்குரைஞர் வேண்டும், பணம் வேண்டும், வேலைக்குப் போகாமல் நீதிமன்ற வாசலில் காத்திருக்க நாள் வேண்டும். சிறு நிலக்காரனிடம் இம்மூன்றும் இல்லை.

இருப்பினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் அன்றாட வேட்டைக் கதை மானைப் பற்றியது அன்று, பன்றியைப் பற்றியது. காட்டை வெட்டி இளங்கன்று நட்டால் முதலில் வரும் விருந்தாளி காட்டுப்பன்றி. இரப்பர்க் கன்றின் வேரையும், பிற்காலத்தில் செம்பனைக் கன்றின் குருத்தையும் அது தோண்டித் தின்னும். மரவள்ளி நட்ட தொழிலாளியின் கொல்லை ஒரே இரவில் உழுத நிலமாகும். தமிழருக்கு இப்பகை புதிதன்று. பன்றியை எதிர்த்து மாண்டவனுக்கு எடுத்த நடுகற்கள் தமிழகத்தில் இன்றும் நிற்கின்றன. பன்றி குத்திப் பட்டான் கல் என்று மக்கள் வழங்குவர். வயலைக் காத்தவனை ஊர் வீரனாக்கி வணங்கியது.

இங்கேதான் எல்லைச் சண்டை தலைகீழாகிறது. மலாய்க் கம்பத்தாருக்குப் பன்றி விலக்கப்பட்ட விலங்கு. அதன் இறைச்சியைத் தொடார். ஆனால் அவர்களுடைய மரவள்ளியையும் வாழையையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகவே பன்றி வேட்டைக்குக் கம்பத்துக்குள் வரும் சீனரும் தமிழரும் பூர்வகுடியினரும் தடுக்கப்படுவதைவிட வரவேற்கப்படுவதே மிகுதி. நிலத்துக்காரனுக்குப் பயிர் தப்பியது, வந்தவனுக்கு இறைச்சி. மதமும் மொழியும் வேறான அயலார் இருவரை ஒரு பன்றி நண்பராக்கியது. மேனாட்டு வரலாற்றில் இதற்கு ஒப்புமை காண்பது அரிது. ஒரு பழைய வழக்கத்தை ஒற்றுமை என்று மேடையில் முழங்குபவர்கள், இத்தகைய சிறு செய்திகளைக் கண்டுகொள்வதில்லை.

தோட்டத்துக்குள்ளோ நிலைமை வேறு. தொழிலாளி குடியிருந்த லயம் கம்பெனியுடையது. கொல்லை கம்பெனி விட்டுக்கொடுத்தது. துப்பாக்கி உரிமம் அவன் கைக்கு எட்டாதது. நாயும் வேல்கம்பும் சுருக்குக் கண்ணியுமே அவன் படைக்கலம். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவன், பன்றிக்கும் புலிக்கும் அஞ்சியே நிரையில் நுழைந்தான்.

ஹப்பக் விசாரணை

வேட்டையாடியவரே விலங்குகளுக்கு வழக்குரைஞரான கதை இந்நாட்டில் ஒன்றுண்டு. தியோடர் ஹப்பக் என்பவர், கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பக்கின் சகோதரர். தாமும் இரப்பர்த் தோட்டக்காரராக இருந்தவர். யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதியவர். வயது ஏற ஏற, துப்பாக்கியைத் தணித்துக் காட்டுயிர்க் காவலின் பெரும் பரிவாளராக மாறினார். 1930இல் அரசு அவரை மலாயாவின் காட்டுயிர் விசாரணை ஆணையராக நியமித்தது. ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்ட அவர், 1932இல் மூன்று தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டார்.

அக்காலத்து விவாதத்தின் கரு இதுவே: நிலம் என்னுடையதானால், அதில் நுழையும் விலங்கை நான் கொல்லக்கூடாதா? தோட்ட முதலாளிகள் கொல்லலாம் என்றனர். ஓரிரவில் யானைக் கூட்டம் பல ஏக்கர் இளந்தோட்டத்தைப் பாழாக்கும்போது, காவல் சட்டம் பேசுவது யாருக்கு நியாயம் என்று கேட்டனர். காட்டுயிர்க் காவலரோ, பயிர்க்காப்பு என்ற சொல்லின் மறைவில் வேட்டையும் இறைச்சி வாணிகமும் நடக்கின்றன என்றனர். இரு பக்கமும் உண்மை இருந்தது என்பதே வருந்தத்தக்கது. 1879ஆம் ஆண்டின் இந்திய யானைப் பாதுகாப்புச் சட்டமே, வீட்டையும் பயிரையும் அழிக்கையில் யானையைக் கொல்லலாம் என்று விலக்களித்திருந்தது. அதே ஆண்டில் நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் சென்னை அரசால் இயற்றப்பட்டது. அது பெரிதும் அங்கிருந்த வெள்ளை வேட்டைக்காரரின் வேட்கையால் பிறந்தது.

ஹப்பக்கின் உழைப்பால் பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் எல்லை கூடுமிடத்தில் பெருந் தேசியப் பூங்கா 1938–39இல் அமைந்தது. இன்று அது தாமான் நெகாரா. சிலாங்கூரில் அத்தகைய பரப்பு எஞ்சியிருக்கவில்லை. தோட்டங்கள் முந்திக்கொண்டன. பின்னர் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம், பயிரை அழிக்கும் விலங்கை முதலில் அச்சுறுத்தி விரட்ட முயலவேண்டும், அது பலியாவிடில்தான் சுடலாம் என்ற நடுவழியை வகுத்தது.

தோட்ட வாயில்

வேட்டைத் தகராறு என்று எழுதத் தொடங்கி, 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைச் சொல்லாமல் விடுவது பிழையாகும். எல்லைக் கல்லின் முழுக் கொடுமையும் வெளிப்பட்டது அப்போதுதான். கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக உரிமை வேண்டும் என்றனர். துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்றனர். துப்பாக்கியோடு வரும் துரையின் நண்பனுக்குத் திறந்த வாயில், மகளைக் காண வரும் தகப்பனுக்கு அத்துமீறல் எனப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே எல்லைக் கல் செய்தது.

இயக்கத்தை நடத்தியவர்களுள் முன்னின்ற ஆர். எச். நாதன் தமிழ் நேசன் இதழில் பணிபுரிந்தவர். மே மாதத்தில் அவர் கைதாகி, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். தென்ஷவாயில் புறாவுக்காக வந்த துப்பாக்கி ஊரார் மீது திரும்பியது. கிள்ளானில் வாயிலைத் திறக்கச் சொன்னவர் மீதே அது நேராக நீட்டப்பட்டது.

1948இல் அவசரகாலம் வந்தபோது, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரியதாயிற்று. தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வேலைக்காட்டுக்குப் போகிறவன் சோறு கொண்டு போனாலே வாயிலில் சோதனை. காட்டோரம் வேட்டைக்குரிய இடமாக இல்லை. படை நடமாடும் இடமாயிற்று. பழைய பன்றி வேட்டைக் கூட்டங்கள் பல அக்காலத்தில் கலைந்தன.

அவசரகாலம் முடிவதற்குள் மற்றொரு மாறுதல் தொடங்கிவிட்டது. தோட்டங்களைத் துண்டாடி விற்கும் போக்கைக் கண்டு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்வெட்டுத் தொழிலாளர் தம் சிறுசேமிப்பைப் பங்காக்கித் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆயினர். லயத்து மக்கள் எல்லைக் கல்லின் உட்புறத்தில் உடையவராக நின்றது அதுவே முதன்முறை. பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் தொழிலாளர் கைக்கு வரவில்லை. எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாகியது. சுங்கை ரெங்கம் ஷா ஆலம் ஆகியது. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாகியது. வேட்டைக்காரனும் போனான், பால்வெட்டியும் போனான்.

டெங்கில் வழக்கு

போகாதிருந்தவர் தெமுவான் மக்கள். சிப்பாங் மாவட்டத்தில் டெங்கிலை அடுத்த புக்கிட் தம்பொய் அவர்களுடைய ஊர். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை அமைக்க, 1995இல் அவர்களிடமிருந்து ஏறத்தாழ 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. வெளியேறப் பதினான்கு நாள் தவணை. வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் ஈட்டுத்தொகை தரப்பட்டது, நிலத்துக்கு ஒன்றுமில்லை. பூர்வகுடியினர் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வளவே கடன் என்றது அரசுத் தரப்பு. மேக்ஸ்வெல் கண்ட செத்த நிலம் நூறாண்டுக்குப் பின் நெடுஞ்சாலையின் கீழ்ப்பட்டது.

ஊரார் எழுவர் வழக்குத் தொடுத்தனர். சாகோங் தாசி வழக்கு என்று சட்ட நூல்களில் அது பெயர் பெற்றுள்ளது. 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், அவர்களுக்கு அந்நிலத்தில் வழக்காற்று உரிமை உண்டு, நிலத்துக்கும் ஈடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. போதிய அறிவிப்பின்றி வெளியேற்றியது அத்துமீறல் என்றும் கூறிற்று. அத்துமீறியவர் யார்? பிறர் நிலத்தில் கால் வைத்த வேட்டுவன் அல்லன்; நெடுஞ்சாலை அமைத்தவர்கள். இச்சொல் இந்நாட்டு வரலாற்றில் இத்திசையில் திரும்பியது அரிதினும் அரிது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. 2008இல் சிலாங்கூரில் ஆட்சி மாறிய பின் மாநில அரசு தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2010இல் 65 இலட்சம் வெள்ளி ஈட்டுத்தொகையோடு வழக்கு முடிந்தது.

வெற்றியைக் கொண்டாடியவர் பலர் அத்தீர்ப்பின் ஓர் எல்லையைக் கவனிக்கவில்லை. நீதிமன்றம் உரிமை என்று ஏற்றது அவர்கள் குடியிருந்து பயிர் செய்த ஊர்ப்புறத்தை மட்டுமே. உணவு தேடித் திரிந்த பெருங்காட்டை அது உரிமையில் சேர்க்கவில்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜொகூரில், லிங்கியூ அணைக்காக இடம் இழந்த ஜாக்குன் மக்களின் வழக்கில், வேட்டையாடியும் காட்டுப்பொருள் சேர்த்தும் பிழைத்த இடங்களின் இழப்புக்கே 2 கோடியே 65 இலட்சம் வெள்ளி ஈடாக வழங்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கு நிலமே அவர்களுடையது என்று சொல்லப்படவில்லை. ஒரு நீதிமன்றம் வேட்டை இழப்பை மதித்தது, நிலத்தைத் தரவில்லை. மற்றொன்று நிலத்தை மதித்தது; வேட்டைக் காட்டை வெளியே நிறுத்தியது. வேட்டுவன் இடும் அடையாளத்தை எந்த ஏட்டில் எழுதுவது என்ற பழைய கேள்வி இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே தங்கிவிட்டது.

வழக்கு முடிந்த அதே 2010ஆம் ஆண்டில் புதிய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பூர்வகுடியினர் தம் குடும்பத்தின் உணவுக்காக, அட்டவணையிற் குறித்த சில உயிர்களை வேட்டையாடலாம் என்று அதன் 51ஆம் பிரிவு கூறுகிறது. காட்டுப்பன்றியும் சருகுமானும் முள்ளம்பன்றியும் அவ்வட்டவணையில் இடம் பெற்றன. விற்பனைக்கு அச்சலுகை இல்லை. கேரித் தீவில் மா மெரி ஊர்களைச் சுற்றிலும், டெங்கிலில் புக்கிட் தம்பொய்யைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலையும் உள்ளன. அட்டவணையில் உள்ள பன்றி இன்றும் செம்பனை நிரைகளுக்குள் வந்து போகிறது. அதனைத் தொடர்ந்து செல்பவன், பிறர் பெயரில் பதிவான நிலத்துக்குள்ளேதான் கால் வைக்கவேண்டியிருக்கிறது.